ஈயின் படமும் ஈயின் பெயரும்

விழுப்புரம் ஜில்லாவில் திண்டிவனம், மரக்காணம், மயிலம் முதலிய பகுதிகளில் மார்கழி, தை மாதங்களில் தர்ப்பூசணி விதை ஊன்றி, பங்குனி வெயிலில் காய் அறுப்பது குடியானவர்கள் நன்கு பழகிய சாகுபடியாகும். கொடி பூத்துப் பிஞ்சு விட்டு, பிஞ்சு எலுமிச்சையளவு திரளும் நாளில் அதன் தோலின்மேல் ஊசி குத்தினாற்போல் ஒரு புள்ளியும், அப்புள்ளியிலிருந்து பிசின் போன்ற கசிவும் தென்படுமாயின், இந்நாட்களில் முதலில் வெளிவருவது கைத்தெளிப்பானன்று, சட்டைப்பையிலுள்ள கைபேசியேயாகும். பிஞ்சின்மீதோ அருகிலுள்ள இலைமீதோ உட்கார்ந்திருந்த ஈ ஒன்று படம் பிடிக்கப்பட்டு, சில நிமிஷங்களுக்குள் உதவி வேளாண்மை அலுவலருக்கோ, மருந்துக் கடைக்காரருக்கோ, படத்தைக் கண்டு பெயர் சொல்லும் செயலிக்கோ போய்ச் சேர்ந்துவிடுகிறது. "இது என்ன ஈ? இதற்கு என்ன அடிக்க வேண்டும்?" என்னும் இரண்டு வினாக்களும் ஒரே மூச்சில் கேட்கப்படுகின்றன, இரண்டிற்கும் ஒரே மூச்சில் விடையும் வந்துவிடுகிறது. தவறு நேர்வது இங்கேதான். சில ஈக்களைப் படத்தைக் கொண்டே ஐயமின்றி அறியலாம். சிலவற்றை எவ்வளவு நல்ல படத்தைக் கொண்டும் அறிய இயலாது. எது எவ்வகை என்று பகுத்துணராமல் பெயர் கேட்பதும் பெயர் சொல்வதும் பயிருக்கும் பணத்துக்கும் சேதம் விளைவிக்கும்.

படம் பிடிக்கும் வழக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. முன்பெல்லாம் ஒரு பூச்சியின் பெயரை அறிய வேண்டுமாயின் அதனைப் பிடித்துக் கொன்று, பஞ்சு வைத்த பெட்டியிலிட்டுத் தபாலில் கோயமுத்தூருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. காலும் இறகும் உதிர்ந்த நிலையில் அது போய்ச் சேர்வதும், விடை வருமுன் அறுவடை முடிந்துவிடுவதும் உண்டு. அந்தத் தாமதத்தைக் கைபேசி அறவே ஒழித்துவிட்டது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மத்திய சர்க்கார் தொடங்கிய தேசிய பூச்சிக் கண்காணிப்பு முறையும் குடியானவர்கள் அனுப்பும் படங்களையே ஆதாரமாகக் கொண்டது. ஒரு ஜில்லாவில் எந்தப் பயிரில் எந்த வாரத்தில் எவ்வகைச் சேதம் தலைகாட்டுகிறது என்பதை ஆயிரம் கண்கள் கொண்டு பார்ப்பதற்கு இதைவிடச் சிறந்த சாதனம் இல்லை.

ஆயினும் படம் என்றால் எல்லாம் ஒரே படமன்று. பிளெட்சர் துரை 1914-இல் வெளியிட்ட தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிய நூலிலும், டி. வி. இராமகிருஷ்ண ஐயர் 1940-இல் வெளியிட்ட பயிர்ப் பூச்சிக் கைநூலிலும் உள்ள படங்களைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். சித்திரக்காரர் பூச்சியின் இரு இறகுகளையும் விரித்து, கால்களைப் பரப்பி, நிபுணர் எதைப் பார்த்துப் பெயர் சொல்லுகிறாரோ அந்த அடையாளம் விடுபடாதபடி வரைகிறார். கைபேசிக்கு அந்தக் கருத்து கிடையாது. அந்த நொடியில் அந்தக் கோணத்தில் தெரிந்ததை மட்டும் அது பதிந்துகொள்ளும். முதுகின் மஞ்சள் கோடுகளில் பெயர் இருக்கும்போது படத்தில் வயிறு மட்டும் தெரிந்தால், அந்தப் படம் எவ்வளவு துல்லியமாயிருந்தும் பிரயோஜனமில்லை.

முதலாவதாக, ஈ என்ற சொல்லையே சற்று எண்ணிப் பார்க்கலாம். ஓரெழுத்துச் சொல்லாகிய அதைத் தமிழர் தாராளமாகவே வழங்கிவிட்டனர். தேனீயும் ஈ, தென்னையிலும் மரவள்ளியிலும் படியும் வெள்ளை ஈயும் ஈ. சாஸ்திரப்படி இவ்விரண்டும் ஈக்கள் அல்ல. தேனீக்கு நான்கு இறகுகள். வெள்ளை ஈ அசுவினியின் உறவினம், அதற்கும் நான்கு இறகுகள் உண்டு. உண்மை ஈக்கு இரண்டே இறகுகள். பின்னிறகுகள் இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போன்ற இரு சிறு குமிழ்கள் மாத்திரம் உண்டு. பக்கவாட்டில் எடுத்த தெளிவான படம் ஒன்றிருந்தால் இந்த அளவு எவரும் சொல்லிவிடலாம். இது சிறிய விஷயமென்று தள்ளத்தக்கதன்று. காலையில் தர்ப்பூசணிப் பூவில் மஞ்சள் வரியுடன் மொய்க்கும் ஒன்று ஈயென்று எண்ணப்பட்டு மருந்தடிக்கப்படுமாயின், மடிவது மகரந்தம் சேர்க்கும் தேனீயாகவும் இருக்கலாம்; பூ இருந்தும் காய் பிடிக்காமற்போவதன் காரணத்தை அப்புறம் வேறெங்கோ தேடவேண்டி வரும்.

இனிப் பழ ஈக்களுக்கு வருவோம். திண்டிவனம் பகுதிக்கு மிக முக்கியமானவை இவையே. மாவிலும் கொய்யாவிலும் சேதம் செய்யும் ஈ ஒன்று; தர்ப்பூசணி, பாகல், புடல், பீர்க்கு முதலிய கொடிகளில் சேதம் செய்யும் ஈ வேறொன்று. முன்னதைச் சாஸ்திரத்தில் பாக்ட்ரோசெரா டார்சாலிஸ் என்பர். பின்னதன் பெயர் குக்குர்பிட்டே என்பது. 1899-இல் ஹவாயித் தீவிலிருந்து பெயரிடப்பட்டபோது டாகஸ் என்ற குலத்திலும், பின்பு பாக்ட்ரோசெராவிலும், அண்மைக் காலத்தில் ஜுகோடாகஸ் என்பதிலும் அது சேர்க்கப்பட்டது. ஆகவே பழைய நூலில் ஒரு பெயரும் புதிய செயலியில் வேறு பெயரும் காணப்பட்டால் இரண்டு பூச்சிகள் என்று மருள வேண்டியதில்லை.

இவ்விரண்டையும் படத்தில் பிரித்தறிவது கடினமன்று. ஆனால் படம் நேர் மேலிருந்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும். மாம்பழ ஈயின் முதுகு பெரும்பாலும் கறுத்திருக்கும். இரு பக்கமும் இரண்டு மஞ்சள் கோடுகள் ஓடும். பூசணி ஈயின் முதுகு செம்மை கலந்த பழுப்பு. பக்கக் கோடுகள் இரண்டுடன் நடுவிலும் ஒரு மஞ்சள் கோடு உண்டு. அதன் இறகின் முன்னோரத்துப் பழுப்புப் பட்டை நுனியில் அகன்று திட்டாக முடியும். இறகின் உள்ளே குறுக்கு நரம்பின்மேல் ஒரு கருநிழலும் விழுந்திருக்கும். மாம்பழ ஈயின் இறகில் ஓரப் பட்டை மெல்லியது. குறுக்கு நிழல் இல்லை. மூன்றாவதாக, டாகஸ் சிலியேட்டஸ் எனப்படும் சிறு ஈ ஒன்றும் பூசணி வகைகளில் புழு வைக்கும். அதுவும் பழுப்பு நிறமே. ஆனால் முதுகின் பின்பாதியில் மஞ்சள் பக்கக் கோடுகள் கிடையா. மங்கிய வெளிச்சத்தில் சாய்வாக எடுத்த படத்தில் இதற்கும் பூசணி ஈக்கும் பேதம் தோன்றுவது அரிது.

இந்தப் பேதத்தால் என்ன ஆகப்போகிறது, புழு வைப்பது ஒன்றே போதாதா என்று கேட்பவர் உண்டு. அவர்கள் பொறியை மறந்துவிடுகின்றனர். 1912-இல் பூஸா ஆராய்ச்சி நிலையத்திலிருந்த ஹௌலெட் என்பவர் சிட்ரோனெல்லா எண்ணெயை நாடிப் பழ ஈக்களின் ஆண்கள் வருவதைக் குறித்து எழுதினார். 1915-இல் அந்த ஈர்ப்பு மெதில் யூஜினால் என்ற பொருளால் நேர்வதையும் காட்டினார். இன்று உலகமெங்கும் மாந்தோப்புகளில் தொங்கும் பொறிகளுக்கு இதுவே மூலம். இந்திய மண்ணில் கண்டறியப்பட்ட இச்செய்தியை இந்நாட்டில் போதிய அளவு எடுத்துச் சொல்லாதது வியப்பே. மெதில் யூஜினாலுக்கு மாம்பழ ஈயும் அதன் நெருங்கிய இனங்களும் வரும். பூசணி ஈ வராது. பூசணி ஈக்கு வேண்டியது கியூ-லூர் என்ற வேறொரு பொருள். டாகஸ் சிலியேட்டஸோ இவ்விரண்டையும் சட்டை செய்வதில்லை.

தர்ப்பூசணி வயலில் எடுத்த மங்கலான படத்துக்குப் "பழ ஈ" என்று மட்டும் விடை வந்து, கடையில் கிடைத்த மெதில் யூஜினால் பொறியைக் குடியானவர் வாங்கிக் கட்டினால் என்ன நடக்கும்? அருகிலுள்ள மாமரத்திலிருந்தும் கொய்யாவிலிருந்தும் ஆண் ஈக்கள் வந்து பொறியில் விழும். காலையில் திறந்து பார்த்தால் கைப்பிடியளவு ஈக்கள் செத்துக் கிடக்கும். பொறி நன்றாக வேலை செய்கிறது என்று அவர் மகிழ்ந்திருக்கையில் பிஞ்சுகளில் பூசணி ஈ தன் முட்டைகளை இட்டுக்கொண்டேயிருக்கும். பொறி காலியாயிருந்தாலாவது ஐயம் பிறக்கும். நிரம்பிய பொறி ஐயத்தையும் போக்கிவிடுகிறது.

நிபுணர்களும் இதில் தடுமாறியவர்களே. 2003-இல் கென்யாவில் ஓர் அந்நிய ஈ மாம்பழங்களில் காணப்பட்டது. இலங்கையிலும் ஆப்பிரிக்காவிலும் சேகரித்த மாதிரிகளை ஆராய்ந்து 2005-இல் அதற்கு இன்வேடன்ஸ் என்று புதுப் பெயர் சூட்டினர். அது ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பரவி, பழ ஏற்றுமதிக்கே பெருந்தடையாயிற்று. பின்னர் உருவம், கலப்பு, மரபணு ஆகிய பலவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், அது டார்சாலிஸ் என்ற பழைய ஈயே என்று 2015-இல் முடிவு செய்யப்பட்டது. முதுகின் கருமையும் செம்மையும் ஒரே இனத்துக்குள் மாறக்கூடும் என்பதே இதில் நேர்ந்த சிக்கலுக்கு ஒரு காரணம். ஆயிரக்கணக்கான மாதிரிகளைக் கையில் வைத்திருந்தவர்களுக்கே பத்தாண்டுகள் பிடித்த விஷயத்தை, ஒரே படத்தைப் பார்த்த செயலி ஒரு நொடியில் "தொண்ணூற்றெட்டு சதவிகிதம்" என்று சொல்லும்போது, அந்தச் சதவிகிதம் எதனுடையது என்று கேட்பது அவமரியாதையாகாது. தன்னிடமுள்ள படங்களுள் எதனோடு இது ஒத்திருக்கிறது என்பதையே அது கணக்கிடுகிறது. தன்னிடம் இல்லாத ஈயைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. மூலப் பிரதியில் ஈ செத்து ஒட்டியிருந்ததைக் கண்டு, ஓர் ஈயை அடித்துத் தன் பிரதியிலும் ஒட்டிய குமாஸ்தாவின் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. அவருடைய விசுவாசம் செயலிக்கும் உண்டு.

படத்துக்கு அறவே அகப்படாத ஈக்களும் உள. புன்செய்ச் சோளத்தில் இளம் பயிரின் நடுக்குருத்தைக் காயச்செய்யும் குருத்து ஈ ஆதரிகோனா என்ற குலத்தைச் சேர்ந்தது. சோளத்துக்கு ஓர் இனம், கம்புக்கு வேறு, சாமைக்கு வேறு என்று இக்குலத்தில் பல இனங்கள் உண்டு. இவற்றைப் பிரிப்பது ஆண் ஈயின் வயிற்று நுனியிலுள்ள, மூவிதழ் போன்ற ஒரு நுண்ணுறுப்பைக் கொண்டே. பெண் ஈயைப் பார்த்துச் சொல்வது நிபுணருக்கும் துர்லபம். 1990-களின் தொடக்கத்தில் இந்தியாவில் காணப்பட்டு, தக்காளி முதலிய பல பயிர்களின் இலைகளில் பாம்பு ஊர்ந்தாற்போல் வெண்கோடு இழுத்துவரும் லிரியோமைசா ஈயின் கதையும் இதுவே.

இத்தகைய இடங்களில் ஈயின் படத்தைவிட ஈ செய்த வேலையின் படமே மேலானது. நெல்லில் ஆனைக்கொம்பன் இதற்கு நல்ல உதாரணம். கொசுவைப் போன்ற அந்தச் சிறு ஈ இரவில் விளக்கை நாடி வரும். விளக்கடியில் எடுத்த படத்தில் அதை மற்ற நூறு கொசு வகைகளிலிருந்து பிரிப்பது வீண் முயற்சி. ஆனால் தூர், வெங்காயத் தாள் போல் உருண்டு வெளிறிய குழலாக நீண்டு நிற்கும் படம் ஒன்று போதும். வேறு சாட்சி வேண்டுவதில்லை. அவ்வாறே சோளக் குருத்தைப் பிடுங்கி, அழுகிய அடியையும் உள்ளிருக்கும் புழுவையும் சேர்த்துக் காட்டினால், பயிரின் பெயரும் சேதத்தின் தன்மையும் கூடி ஈயின் பெயரைப் பெரும்பாலும் சொல்லிவிடும்.

விழுப்புரம் பக்கத்து உளுந்து வயல்களில் நேர்வது இதற்கு மாறான பிழை. தளிரிலும் பிஞ்சுக் காயிலும் அசுவினி அப்பியிருக்கையில், அவற்றினிடையே கால்களற்ற, அட்டை போன்ற பசும்புழு ஒன்று நெளிவதைக் கண்டு படம் அனுப்புகின்றனர். புழு என்றதும் மருந்து சொல்லப்படுகிறது. அது இஸ்கியோடான் முதலிய பூ ஈக்களின் புழு. அசுவினியைப் பிடித்துச் சாறு குடித்து வளர்வது. அதன் தாய் கருமையும் மஞ்சளும் வரியிட்ட உடலுடன் பூக்களின்மேல் அசையாமல் அந்தரத்தில் நின்று பறப்பது. அந்த நிலைப் பறப்பு படத்தில் விழாது. பார்த்தவர் கண்ணில் விழுந்திருக்கும். பழ ஈ இலைமேல் நடந்தபடி இறகுகளை ஆட்டுவதும் அப்படியே. ஆகையால் படத்துடன் "அந்தரத்தில் நின்றது", "இறகை ஆட்டி நடந்தது", "விளக்குக்கு வந்தது" என்று ஒரு வரி எழுதுவதற்கு, படத்துக்குச் சமமான மதிப்பு உண்டு. இவ்வரியைக் குடியானவர் எழுதாவிட்டால் அலுவலர் கேட்டுப் பெற வேண்டும்.

தர்ப்பூசணிக்காரர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி ஒன்றுண்டு, செலவும் இல்லை. பறக்கும் ஈயைத் துரத்தி மங்கலான படம் எடுப்பதை விட்டுப் புழு விழுந்த பிஞ்சையே வீட்டுக்குக் கொண்டுவருவது நலம். புழுவைப் படமெடுத்து அனுப்புவதில் பயனில்லை. பழ ஈக்களின் புழுக்கள் வெறுங் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒரு மண்சட்டியில் நான்கு விரற்கடை ஈர மணலிட்டு, அதன்மேல் பிஞ்சுகளை வைத்து, வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டிவிட வேண்டும். தளரக் கட்டினால் புழுக்கள் வெளியேறிவிடும்; முதிர்ந்த புழு வளைந்து துள்ளக்கூடியது. அவை மணலுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, வெயில் காலத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் ஈக்களாய் வெளிவரும். வெளிவந்தவுடன் படமெடுப்பது பெரும்பிழை. புதிதாய்ப் பிறந்த ஈ வெளுத்திருக்கும். கோடும் பட்டையும் தெளியா. சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சை உள்ளே வைத்து மூன்று, நான்கு நாட்கள் உயிருடன் விட்டால் நிறம் ஏறும். பிறகு ஈக்களை ஒரு சிறு புட்டியிலிட்டுக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் சில நிமிஷங்கள் வைத்தால் அடங்கிக் கிடக்கும். அப்போது வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்து, முதுகு, பக்கம், முகம், விரித்த இறகு என்று நான்கு படங்களை நிழல் வெளிச்சத்தில் எடுத்தால், அந்த நான்கும் வயலில் எடுத்த நாற்பதுக்கு மேலானவை. இன்ன பயிரின் காயிலிருந்து பிறந்தது என்ற உறுதியும் இதனால் கிடைக்கிறது. இலைமேல் உட்கார்ந்த ஈ வழிப்போக்கனாகவும் இருக்கலாம்.

சட்டியில் ஈ பிறக்கும் வரை வயலை என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. குத்துப்பட்ட பிஞ்சுகளைப் பொறுக்கி ஆழக் குழியில் புதைப்பதற்கும், வரப்போரத்தில் அழுகும் காய்களை அகற்றுவதற்கும், கொடிகளினிடையே மண்ணைக் கிளறிக் கூட்டுப்புழுக்களை வெயிலுக்கும் எறும்புக்கும் காட்டுவதற்கும் ஈயின் பெயர் தேவையில்லை. எந்தப் பழ ஈயானாலும் இவை பொருந்தும். பெயர் தேவைப்படுவது பொறிக்கும் மருந்துக்கும்தான்.

இலாகாவின் பொறுப்பும் இதில் உண்டு. படத்துக்கு விடை சொல்லும் அலுவலர் முழுப் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்னும் நெருக்கடி நீங்க வேண்டும். "பழ ஈ, இனம் இப்படத்தில் தெரியவில்லை, முதுகுப் படம் அனுப்புக" என்ற விடை குறைபட்ட விடையன்று, நேர்மையான விடை. பாதிப் பெயர் சொன்னவரைத் தெரியாதவர் என்று எண்ணும் மனப்பான்மை குடியானவரிடமும் மேலதிகாரியிடமும் ஒருங்கே இருக்கிறது. அதன் பலனைக் கடைக்காரரே அனுபவிக்கிறார். திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையமும், வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. டி.எம்.வி. என்ற மூன்றெழுத்தால் நாடெங்கும் நிலக்கடலை ரகங்களில் தன் பெயரை நிறுத்திய ஊர் அது. அங்கும், விழுப்புரத்திலும், இப்பகுதியின் ஈக்களை இனம் பிரித்து ஊசியில் குத்திய ஒரு பெட்டியும், ஒரு பூதக்கண்ணாடியும் பொதுப் பார்வைக்கு வைத்தால், ஒரு முறை அதைப் பார்த்துச் சென்ற குடியானவர் அனுப்பும் படமே வேறுவிதமாக அமையும். எதைக் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

படத்துடன் ஈயையும் அனுப்புவதே முறை. 70 சதவிகித ஆல்கஹால் ஊற்றிய சிறு புட்டியில் நான்கைந்து ஈக்களை, ஆணும் பெண்ணுமாக, இட்டு அனுப்பலாம். பெண் ஈயை வயிற்றின் முனையில் நீண்டிருக்கும் முட்டையிடும் ஊசியால் அறியலாம். ஆல்கஹாலில் மஞ்சள் நிறம் நாளடைவில் மங்குமாதலால், இரண்டொரு ஈக்களை உலர்த்திப் பஞ்சில் வைத்தும் அனுப்புவது நலம். புட்டிக்குள் ஒரு சீட்டு இருக்க வேண்டும்: தேதி, கிராமம், பயிர், காயிலிருந்து வளர்த்ததா அல்லது பொறியில் விழுந்ததா, பொறியாயின் எந்த மருந்து வைத்த பொறி என்ற விவரங்கள். சீட்டைப் பென்சிலால் எழுத வேண்டும். மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.